உயிர்வேலியில் கிடக்கும் எல்ம்

இங்கிலாந்தின் கிராமத்துச் சாலையில் ஓங்கி வளர்ந்த எல்ம் மரத்தைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. சாலையோரத்து உயிர்வேலிக்குள் குனிந்து பார்த்தால் கிடைக்கும். உயரம் மார்பளவுகூட இருக்காது; அடிமரம் மட்டும் தொடைப் பருமனுக்கு முறுக்கிக்கொண்டு நிற்கும். வேலி வெட்டும் இயந்திரம் வருஷா வருஷம் தலையைச் சிதைக்க, மேலே போக வழியில்லாமல் அடியிலேயே பருத்த கட்டை அது. போன்சாய் வளர்ப்பவர்கள் தேடிப் போவது இதைத்தான். விதை போட்டோ பதியன் போட்டோ இந்தப் பருமனை எட்ட 20, 30 ஆண்டு பிடிக்கும். இங்கே அந்த வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

பெரிய மரங்கள் எங்கே போயின? 1960களின் பிற்பகுதியில் வட அமெரிக்காவிலிருந்து வந்த எல்ம் தடிகளோடு வீரியமான ஒரு பூஞ்சை பிரிட்டனுக்குள் நுழைந்தது. பட்டைக்கடியில் முட்டையிடும் வண்டுகள் அதை மரத்துக்கு மரம் கொண்டுசேர்த்தன. பூஞ்சையைத் தடுக்க மரம் தன் நீர்க்குழாய்களைத் தானே அடைத்துக்கொள்ளும். அப்புறம் இலைக்குத் தண்ணீர் ஏறாது. மரம் நின்றபடியே காய்ந்துபோகும். 2.5 கோடிக்கும் மேலான மரங்கள் இப்படிப் பட்டுப்போயின. இதற்கு டச்சு எல்ம் நோய் என்று பெயர். டச்சுக்காரர்கள் பாவம், நோயைப் பரப்பியவர்கள் இல்லை. 1920களில் பியா ஸ்வார்ஸ், கிறிஸ்டின் பௌஸ்மன் போன்ற டச்சுப் பெண் ஆய்வாளர்கள் பூஞ்சைதான் காரணம் என்று நிரூபித்ததால் வந்த பெயர்.

ஆங்கில எல்ம் இவ்வளவு வேகமாகச் சரிந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அது முளைக்கக்கூடிய விதையை அரிதாகவே தரும். வேரிலிருந்து கன்று விட்டுத்தான் பெருகும். ஆகவே நாடு முழுக்க நின்றவை கிட்டத்தட்ட ஒரே மரத்தின் நகல்கள். திராட்சைக்கொடி படர்த்துவதற்காக ரோமானியர்கள் கொண்டுவந்த ஒரு மரத்தின் வாரிசுகள் இவை என்று 2004-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் மரபணு ஆதாரத்தோடு எழுதினார்கள். ஒன்றைச் சாய்க்கும் நோய் அத்தனையையும் சாய்க்கும்தானே.

மேலே மரம் பட்டுப்போனாலும் வேர் சாகவில்லை. அதிலிருந்து வந்த கன்றுகள்தான் இன்றைய வேலிகள். வண்டு சற்று உயரத்தில் பறக்கும். முட்டையிட அதற்குத் தடித்த பட்டையும் வேண்டும். கன்று சுமார் 10 செ.மீ. பருத்து வேலிக்கு மேலே தலை நீட்டியதும் வண்டு திரும்ப வரும். தாழ வெட்டிக்கொண்டே இருக்கும் வேலி பெரும்பாலும் தப்பிவிடும். தொட்டியில் வளரும் எல்முக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

இனி, கட்டையைத் தேர்ந்தெடுப்பது. பலரும் பருமனைப் பார்த்து மயங்குவார்கள். பார்க்க வேண்டியது மண்ணையொட்டிய பகுதி. மேல்மண்ணைக் கையால் விலக்கினால், அடிமரம் அகன்று நாலு பக்கமும் வேர் இறங்குகிறதா, இல்லை ஒரே தடித்த வேரின் மேல் குழாய் மாதிரி உட்கார்ந்திருக்கிறதா என்பது தெரியும். தாய்வேரிலிருந்து எழுந்த கன்று என்பதால் இரண்டாவது வகைதான் அதிகம் தட்டுப்படும். அதன் சொந்த வேர் குறைவு. எடுக்கக் கூடாது என்றில்லை. பிழைக்க வைக்க மெனக்கெட வேண்டும்.

அடுத்து, விரல் பருமனுள்ள ஒரு கிளையைக் கூர்மையான கத்தரியால் குறுக்கே வெட்டி வெட்டுமுகத்தைப் பாருங்கள். பட்டைக்குச் சற்று உள்ளே, வெளிவளையத்தில் பழுப்புப் புள்ளிகள் வட்டமாக வரிசைகட்டி நின்றால் பூஞ்சை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். எவ்வளவு அழகான கட்டையானாலும் விட்டுவிட்டு நகருங்கள். கத்தரியையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் காட்டுச் செடியை வேரோடு எடுப்பது இங்கிலாந்தில் 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். பழைய உயிர்வேலிகளை அகற்றுவதற்கு 1997-ஆம் ஆண்டு விதிகள் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. முறையான அனுமதியோடு வேலியை அகற்றப்போகும் இடங்களில் விசாரித்தால், எடுத்துக்கொண்டு போங்கள் என்று உரிமையாளர்களே சொல்லக்கூடும்.

தோண்டும் காலம் குளிர்காலத்தின் கடைசி. இங்கிலாந்தில் பிப்ரவரி, மார்ச். மொட்டு உப்பத் தொடங்கும், இலை விரிந்திருக்காது. மரம் தன் சேமிப்பையெல்லாம் அடிமரத்திலும் வேரிலும் வைத்திருக்கும் நேரம் அது. முதலில் மேற்பகுதியை வெட்டுங்கள்; முடிவில் எந்த உயரம் வேண்டுமோ அதைவிட ஒரு சாண் கூடுதலாக விட்டு வெட்டுவது நல்லது. வெட்டின முனை கொஞ்ச தூரம் காய்ந்து இறங்கும். பிறகு சுற்றிலும் மண்வெட்டியால் பள்ளம் எடுத்து, தாய்வேரை இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்து, சல்லிவேர் எது கிடைத்தாலும் சேர்த்துத் தூக்க வேண்டும். ஈரச் சாக்கில் சுற்றி அன்றைக்கே வீடு கொண்டுசேருங்கள். அறுத்துப்போட்ட வேர்த்துண்டுகளை எறிய வேண்டாம். மணலில் பதித்தால் அவையும் துளிர்க்கும். எல்ம் அவ்வளவு கெட்டி உயிர்.

அழகான போன்சாய் தொட்டியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஓட்டை போட்ட மரப்பெட்டியோ பக்கமெல்லாம் துளையுள்ள பிளாஸ்டிக் கூடையோ போதும். வயல்மண்ணைத் தண்ணீர் பீய்ச்சி முழுக்கக் கழுவிவிடலாம். தூங்கும் பருவத்தில் எல்ம் இதைத் தாங்கும். சிதைந்த வேர்நுனிகளைக் கூர்மையாக வெட்டி, எரிமலை நுரைக்கல், மரப்பட்டைத் தூள் போன்றவற்றைச் சலித்து, 3 முதல் 6 மி.மீ. குருணையாக நிரப்புங்கள். வேர் புதிதாக வருவதற்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ காற்றும் அவ்வளவு முக்கியம். களிமண்ணில் வெட்டுவேர் அழுகிவிடும். கட்டை அசையாமல் பெட்டியோடு கம்பி வைத்துக் கட்டுங்கள். அசைந்தால் நூலிழை போன்ற புதுவேர் அறுந்துபோகும். கழுவிய வேருக்குக் கடும் உறைபனி ஆகாது. குளிர் தணியும்வரை கூரையடியில் வையுங்கள்.

ஏப்ரலில் துளிர் வரும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, வெட்டுமுகத்தின் விளிம்பில் பச்சை ஊசிமுனைகள் வளையமாக வெடித்துக் கிளம்புவதைப் பார்ப்பது பெரிய சந்தோஷம். ஆனால் பலர் ஏமாறுவதும் இங்கேதான். அந்த இலைகள் கட்டையில் சேமித்த சர்க்கரையில் வந்தவை. கீழே ஒரு வேர்கூட விட்டிருக்காது. பிழைத்துவிட்டது என்று நினைத்து வெயிலில் வைத்து உரம் போட்டால் ஜூனில் எல்லாம் துவண்டுவிடும். துளிர் நீண்டு ஓடத் தொடங்கி இலை தடித்த பிறகுதான் உரம், அதுவும் லேசாக. முதல் ஆண்டு முழுக்கக் கத்தரி வேண்டாம். ஒவ்வொரு இலையும் வேருக்குச் சோறு போடுகிறது.

இரண்டாம் ஆண்டு, வந்த துளிர்களில் எது கிளை, எது தலை என்று முடிவுசெய்து மற்றதை எடுக்கலாம். எல்ம் இலை கணுவுக்கு ஒன்றாக இடமும் வலமும் மாறி மாறி வரும். வலப்பக்க மொட்டின் மேல் வெட்டினால் கிளை வலப்பக்கம் திரும்பும். அது தடித்ததும் இடப்பக்க மொட்டின் மேல் வெட்டினால் இடப்பக்கம். இப்படி வெட்டி வளர்த்தே கிளைக்கு வளைவும் ஒடுக்கமும் கொண்டுவருவது சீனாவின் குவாங்சோ பகுதி லிங்னான் மரபின் முறை. எல்முக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் கருத்து. கம்பி கட்டலாம்தான்; ஆனால் கோடையில் கிளை சட்டென்று பருத்துக் கம்பி பட்டைக்குள் புதைந்த தழும்பு லேசில் மறையாது. அடர்ந்து வளரும் மரம் என்பதால் உள்கிளைகளுக்கு வெளிச்சம் விடாவிட்டால் எல்ம் அவற்றைக் காயவிடும். ஆகவே உச்சியில் திமிறும் துளிர்களை அடிக்கடி கிள்ளுங்கள். கிளைகள் நுணுகி நுணுகிப் பிரியப் பிரிய இலையும் தானே சிறுக்கும்.

மேலே வெட்டிய பெரிய காயத்தை மறைக்க வேண்டிய அவசியமில்லை. எல்ம் முதுமையில் பொந்து விழும் மரம். உளியால் குடைந்து தண்ணீர் தேங்காமல் வடிகால் விட்டால் காயமே வயதைக் காட்டும். விளிம்பில் பட்டை சுருண்டு உருண்டு மூடும். நன்றாக வளர்ந்த எல்மின் பட்டை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால், ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821 வாக்கில் வரைந்த எல்ம் அடிமரத்தின் படம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உளி எடுப்பதற்கு முன் அந்தப் படத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது. உயிருள்ள பெரிய மரம் வேண்டுமென்றால் பிரைட்டன் நகருக்குப் போக வேண்டும். ஒருபுறம் கடல், மறுபுறம் குன்றுகள் இருப்பதாலும் நோயுற்ற மரங்களை நகராட்சி உடனுக்குடன் வெட்டியதாலும் அங்கே ஆயிரக்கணக்கில் தப்பின.

தமிழ்நாட்டுச் சமவெளியில் ஆங்கில எல்மை வளர்க்க ஆசைப்பட வேண்டாம்; குளிரில் தூங்காவிட்டால் அது நாளடைவில் நலிந்துவிடும். நம்மூர் ஆயா மரம் எல்ம் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தட்டையான இறகு விதையைப் பார்த்தாலே உறவு புரியும். ஆனால் முதல்முறை முயல்பவர்களுக்குப் பழைய சுவரிலும் மாடிக் குழாயோரத்திலும் முளைத்த அரசும் ஆலும் இன்னும் எளிது. அவற்றுக்குக் குளிர்காலம் தேவையில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாளாகப் பார்த்து எடுங்கள். எப்படியும் சுவரைப் பிளக்கும் என்று வெட்டி எறியப்போகும் செடிகள்தான் அவை. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், பெரிய கூடையில் நடுங்கள், முதல் ஆண்டு மட்டும் கத்தரியைப் பூட்டி வையுங்கள்.