டெஸ்டர் திருப்புளி சொல்லாதது

எலக்ட்ரீஷியனின் சட்டைப்பையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் டெஸ்டர் திருப்புளி, ஃபேஸில் வைத்த மாத்திரத்தில் தன் சிறிய நியான் விளக்கை ஏற்றி, அவ்விடத்தில் மின்சாரம் உண்டென்று சாட்சி சொல்லிவிடும். ஆனால் கோளாறு நேர்ந்து கிரைண்டரின் உலோக உடம்பில் மின்சாரம் ஏறும் நாளில், அதைத் தொடுபவரைக் காக்க வேண்டிய சாதனங்கள் தம் கடமையைச் செய்யுமா என்ற கேள்விக்கு அதனிடம் விடை கிடையாது. அக்கேள்விக்கென்றே பல சோதனைகளை ஒரு பெட்டிக்குள் அடக்கி அமைந்தது மல்டிஃபங்ஷன் டெஸ்டர்.

அதன் மூதாதை, கைப்பிடியைச் சுழற்றி இயக்கிய மெக்கர். அப்பெயர் 1903-இல் இங்கிலாந்தில் வியாபாரப் பெயராகப் பதிவானது. இன்று பாட்டரியே அந்த வேலையைச் செய்கிறது. மெயினை அணைத்து, சாதனங்களையெல்லாம் கழற்றிவிட்டு (எல்.இ.டி. விளக்குகளை மறந்தால் அவை பலியாகக்கூடும்), ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் டி.சி.யைப் பிரயோகித்தால், ஒயரின் மேலுறை எவ்வளவு தடுக்கிறது என்பது தெரியும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் ஒயரிங்கைச் சந்தேகிக்க வேண்டியதுதான்.

என் அபிப்பிராயத்தில் இக்கருவியின் பிரதான வித்தை லூப் சோதனையே. மின்சாரம் உள்ள பிளக் பாயின்டில் செருகியதும், ஃபேஸிலிருந்து எர்த்துக்குக் கணநேரம் சிறிது மின்சாரத்தை ஓடவிட்டு, அதனால் வோல்டேஜ் எவ்வளவு சரிகிறது என்பதிலிருந்து, அந்தப் பாதை முழுவதன் தடையையும் கணக்கிட்டுச் சொல்கிறது. கரியும் உப்பும் இட்ட எர்த் குழி கோடையில் வறண்டு, மொத்தத் தடை 10 ஓம் ஆகிவிட்ட ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள்: 230 வோல்டில் எர்த் வழியே ஓடக்கூடியது 23 ஆம்பியர்; 32 ஆம்பியர் எம்.சி.பி.யோ அதைச் சாதாரணச் சுமையென்றே கருதி வாளாவிருக்கும்.

அத்தகைய வீட்டில் உயிரைக் காப்பது, மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றே. 30 மில்லி ஆம்பியர் வகையைச் சோதிக்கும்போது, டெஸ்டர் முதலில் 15 மட்டும் கசியவிட்டு, அது விழாதிருப்பதைக் காண்கிறது. பிறகு முழு 30-ஐ விட்டு, 300 மில்லி விநாடிக்குள் விழுகிறதா என்று அளக்கிறது. ஆர்.சி.சி.பி.யிலேயே சோதனைப் பித்தான் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்பவருண்டு. அந்தப் பித்தான் உள்ளே உள்ள பொறியைத் தட்டிப் பார்ப்பதோடு சரி. எர்த் ஒயர் பாதியில் அறுந்து கிடந்தாலும், பித்தானை அழுத்தினால் ஆர்.சி.சி.பி. தவறாமல் விழும்.