பூனையின் கிண்ணத்தில் லில்லிக் கிழங்கு

இலையுதிர் காலம் பிறந்ததும் சீனாவில் பல வீடுகளில் ஒரு பாத்திரம் அடுப்பேறும். உள்ளே பேரிக்காய், கற்கண்டு, லில்லிக் கிழங்கின் வெள்ளைச் செதில்கள். வறண்ட காற்று நுரையீரலைக் காயவைக்கும், இந்தச் சாறு அதை நனைத்து இருமலை அடக்கும் என்பது அங்குள்ள பாட்டிமார் வைத்தியம். கான்சு மாகாணத்து லான்ஜோ நகரம் இந்தக் கிழங்குக்கே பேர்போனது. மனிதர் தாராளமாகக் குடிக்கலாம். 'பூனையும் இருமுகிறதே' என்று மிச்சத்தை அதன் கிண்ணத்தில் ஊற்றும்போதுதான் வினை தொடங்குகிறது.

லில்லிச் செடியின் இலை, பூ, மகரந்தம், கிழங்கு எல்லாமே பூனையின் சிறுநீரகத்துக்கு எமன். முதலில் வாந்தி எடுக்கும். பிறகு சுருண்டு படுக்கும், தீனியை முகர்ந்துவிட்டு விலகும். அஜீரணம் என்று நினைத்து இரண்டு மூன்று நாள் விட்டால் சிறுநீரகம் நின்றுவிடும். அறிகுறிக்குக் காத்திருக்காமல், தின்ற 18 மணி நேரத்துக்குள் மருத்துவர் ரத்தக்குழாய் வழியே திரவம் ஏற்றத் தொடங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. சீனச் சமையலில் 'தங்க ஊசி' என்று வழங்கும் உலர்ந்த பூமொட்டும் பூனைக்கு ஆகாது. நாய்க்கு லில்லியால் இந்தச் சிறுநீரகச் சேதம் வருவதில்லை. ஆனால் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் ரத்தச் சிவப்பணுக்களையும் உடைக்கும்.

சீன உணவு மருத்துவம் நேற்று முளைத்ததல்ல. டாங் வம்சக் காலத்து மருத்துவர் சுன் சிமியாவ், 7-ஆம் நூற்றாண்டில் தம் மருத்துவ நூலில் உணவு வைத்தியத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். முதலில் உணவால் தீர்க்கப் பார், முடியாவிட்டால் மருந்துக்குப் போ என்பது அவர் வழி. ஆட்டிறைச்சி சூடு, வாத்து குளிர்ச்சி என்று உணவுக்கெல்லாம் குணம் குறித்தார்கள். மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத பாஷை இல்லை. இந்தக் கணக்கை இப்போது நாய், பூனைக்கும் போடும் கால்நடை மருத்துவர்கள் சீனாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். போடட்டும். ஆனால் எது சூடு என்று சொல்லும் அட்டவணை, எவ்வளவு தேவை என்று சொல்வதில்லை.

ஈரலையே எடுத்துக்கொள்வோம். ஈரல் கண்ணுக்கு நல்லது என்று சீன மருத்துவம் சொன்னது. மாலைக்கண் நோய்க்கு ஈரல் கொடுத்தார்கள், பலித்தது. அதிலுள்ள வைட்டமின் ஏ-தான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. கேரட்டில் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ-வாக மாற்றும் திறன் பூனைக்குக் கிடையாது, எனவே கொஞ்சம் ஈரல் அதற்கு உதவும். அதையே மாதக்கணக்கில் தினமும் போட்டால் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யக்கூடக் குனிய முடியாமல் போகும்.

அளவு மிஞ்சினால் மட்டுமல்ல, குறைந்தாலும் ஆபத்துதான். இறைச்சியிலுள்ள டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயம் வீங்கித் தளரும் என்று கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியன் குழுவினர் 1987-இல் காட்டினர். இறைச்சி வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் டாரினில் ஒரு பங்கு அதோடு போகும். அதே பல்கலைக்கழகத்தார் நாய்க்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவில், 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அவசியச் சத்தாவது குறைந்திருந்தது. ஆசையாகச் சமைத்துப் போடுவதும் சரியாகப் போடுவதும் வேறு வேறு. வீட்டில் சமைத்தே தீருவேன் என்பவர்கள், கால்நடை ஊட்டச்சத்து படித்த மருத்துவரிடம் குறிப்பை எழுதி வாங்குங்கள்.

கடையில் வாங்குவோருக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. சீனாவில் 2018 ஜூன் 1 முதல் செல்லப்பிராணி உணவுக்குத் தனி விதிகள் நடப்பில் உள்ளன. முழு உணவு, துணை உணவு, நொறுக்குத்தீனி என்று வகை பிரித்திருக்கிறார்கள். மூலிகைச் சூப் பொட்டலத்தில் 'முழு உணவு' என்று இல்லையென்றால் அதை மட்டுமே போட்டு வளர்க்கக் கூடாது. நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று தீவனத்துக்கு விளம்பரம் செய்வது அங்கே சட்டப்படி குற்றம். 'சிறுநீரகத்தைச் சரிசெய்யும்' என்று எழுதியிருந்தால், அந்த ஒரு வரியே புகாருக்குப் போதும்.

விற்பனையாளர் ஏமாற்றியது நிரூபணமானால், சீன நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி கொடுத்த விலையோடு அதைப்போல் மூன்று மடங்கு இழப்பீடும் கேட்கலாம். அந்த இழப்பீடு 500 யுவானுக்குக் குறையாது. புகார் எண் 12315. கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. பொட்டலம், தொகுதி எண், ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், மருத்துவரின் சீட்டு, மிச்சத் தீனி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

மருத்துவரிடம் ஓடும்போது என்ன கொடுத்தீர்கள் என்பதை ஒளிக்காதீர்கள். 'கொஞ்சம் சூப்தான்' என்பது பதிலாகாது. அதில் என்னென்ன போட்டீர்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.