நாய்க்குட்டியை வாங்கினால் இனவிருத்தி உரிமையும் கிடைக்குமா?

ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து ஒரு ஜாதி நாய்க்குட்டியை வாங்குகிறோம். நாய் நம்முடையது. நாளை அது ஈனும் குட்டிகளும் நம்முடையவைதானே? கிள்ளான் பள்ளத்தாக்கில் நாய் வளர்க்கும் குடும்பங்கள் பல அப்படித்தான் நினைக்கின்றன. ஆனால், பொறுப்புள்ள 'பிரீடர்' நாயை விற்பதையும் இனவிருத்தி உரிமையைத் தருவதையும் தனித்தனியாகவே பார்ப்பார்.

அதற்குக் காரணம் உண்டு. ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார் போன்ற இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. எட்டு வாரக் குட்டியைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. நாய் வளர்ந்து, ஒரு வயதைத் தாண்டிய பிறகே எக்ஸ்-ரே எடுத்து உறுதி செய்ய வேண்டும். எனவே நல்ல பிரீடர், குட்டியை முதலில் வீட்டு வளர்ப்புக்கு மட்டும் என்று எழுதி விற்பார். பரிசோதனையில் தேறினால் இனவிருத்தி உரிமையைத் தருவார். தேறாவிட்டால் கருத்தடை செய்ய வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் இருக்கும்.

பிரிட்டனின் கென்னல் கிளப்பில், இந்த நாயின் குட்டிகளைப் பதிவு செய்ய முடியாது என்று பிரீடர் குறிப்பு இட்டு வைக்கலாம். ஆனால், அதை வாங்குபவர் அறிந்திருந்தார் என்பதற்கு அவருடைய கையெழுத்து வேண்டும். வாய்வார்த்தை போதாது.

நம் நாட்டில் வம்சாவளிச் சான்றிதழ் வழங்குவது 1925-இல் தொடங்கப்பட்ட மலேசிய கென்னல் சங்கம். அது எஃப்.சி.ஐ. என்ற அனைத்துலகக் கூட்டமைப்பின் உறுப்பினர். ஒரு நாயின் இனவிருத்தி உரிமையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பதாக இருந்தால், இணை சேர்ப்பதற்கு முன்பே அதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்கிறது எஃப்.சி.ஐ. விதி.

சிக்கல் அதிகம் வருவது கூட்டு உரிமையில்தான். "பெட்டையைக் குறைந்த விலைக்குத் தருகிறேன், முதல் ஈற்றில் ஒரு குட்டி எனக்கு" என்று கேட்பவர்கள் உண்டு. குட்டியை யார் முதலில் தேர்ந்தெடுப்பது? அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் செலவு யாருடையது? எத்தனை ஈற்றோடு நிறுத்துவது? இவை எழுதப்படாவிட்டால், மனக்கசப்பு மனிதர்களுக்கு. ஓய்வில்லாமல் ஈனும் துன்பம் பெட்டைக்கு. இந்தியா 2017-இல் கொண்டுவந்த நாய் இனவிருத்தி விதிகள், ஒரு பெட்டை வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் ஈனக் கூடாது என்கின்றன. எட்டு வாரம் நிறையாத குட்டிகளை விற்கவும் தடை உண்டு.

ஒப்பந்தம் வாங்குபவரையும் காக்கிறது. நம் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள்' என்ற சொல்லுக்குள் விலங்குகளும் அடங்கும். வியாபாரமாக விற்பவர் நோயுள்ள குட்டியைத் தந்து ஏமாற்றினால், 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டியது ரசீதும் ஒப்பந்தமும்தான்.

மாணவர்களே, 18 வயது நிறையாதவர் கையெழுத்திடும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. பெற்றோர் பெயரிலேயே வாங்குங்கள். ஆங்கிலத்தில் இருக்கும் ஒப்பந்தத்தை அவர்களுக்குத் தமிழில் விளக்குவது உங்கள் வேலையாக இருக்கலாம். முன்பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

- தாய், தந்தை நாய்களின் பரிசோதனை முடிவுகளைக் காட்டுவாரா?
- வம்சாவளிச் சான்றிதழ் எப்போது, யார் பெயரில் வரும்?
- இனவிருத்தி உரிமை உண்டா? என்ன நிபந்தனை?
- பரம்பரை நோய் தெரியவந்தால் என்ன செய்வார்?
- வளர்க்க முடியாமல் போனால் நாயைத் திரும்ப ஏற்பாரா?

கடைசிக் கேள்விக்கு நல்ல பிரீடர் தயங்காமல் "ஏற்பேன்" என்பார். அதை ஒப்பந்தத்திலும் எழுதித் தருவார். எழுதித் தர மறுப்பவரிடம், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், முன்பணம் கட்டாதீர்கள்.