பேட்டரி டிரில், பேட்டரி ரம்பம்: எந்த பிராண்டை நம்பி வாங்குவது?

‘பேட்டரியில் ஓடுற டிரில்லு, கிளை வெட்டுற ரம்பம் எல்லாம் வந்துடுச்சே சார்... வீட்டுக்கும் கொல்லைக்கும் சேர்த்து எந்த கம்பெனி வாங்கலாம்?’

உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் வட்டாரத்தில் எங்கே விவசாயிகள் கூட்டம் போட்டாலும், விதைக்கும் உரத்துக்கும் நடுவே இந்தக் கேள்வி இப்போது தவறாமல் வந்துவிடுகிறது. நியாயமான கேள்விதான். இங்கே முந்திரிக் கொல்லைகள் வீட்டிலிருந்து தள்ளி இருக்கின்றன. மின்கம்பம் இல்லாத இடமே அதிகம். போர்வெல் இருக்கும் கொல்லையிலும், பாசனத்துக்காகக் கொடுக்கப்பட்ட இலவச இணைப்பிலிருந்து ஒயர் இழுத்து கட்டரும் கிரைண்டரும் ஓட்டுவது விதிக்கும் சரியல்ல, உயிருக்கும் நல்லதல்ல. வீட்டில் சார்ஜ் போட்டு, பையில் வைத்து எடுத்துப்போகும் கருவி இந்தப் பகுதிக்கு நன்றாகவே பொருந்தும்.

எந்த கம்பெனி என்பதற்கு என் பதில் இது: கருவியைப் பார்த்து வாங்காதீர்கள். அதன் பேட்டரியைப் பாருங்கள். அது பழுதானால் எங்கே எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று பாருங்கள். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதில் பெரிய தவறு வராது.

முதலில் வேலை என்ன?

ஆட்டுக்கொட்டகைக்குத் தகரம் அடிப்பது, கதவுக் கீல் மாற்றுவது, சொட்டுநீர்க் குழாயில் துளை போடுவது, தறிச்சட்டத்தில் தளர்ந்த திருகை முறுக்குவது போன்றவற்றுக்கு 12 வோல்ட் டிரில்லே தாராளம். கைக்கு லேசு, பெண்களும் சுலபமாகப் பிடிக்கலாம். செங்கல், ஹாலோபிளாக் சுவரில் துளை போட வேண்டும் என்றால் 18 வோல்ட்டில், சுத்தியல் அடி சேர்ந்த டிரில் தேவை. கான்கிரீட் தளத்திலும் லிண்டலிலும் துளை போடுவதுதான் முக்கிய வேலையா? அதற்குப் பேட்டரிக் கருவி வாங்கிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். வீட்டில்தான் கரன்ட் இருக்கிறதே, ஒயர் வைத்த ஹேமர் டிரில் பாதி விலைக்கு இரண்டு மடங்கு வேலை செய்யும். வருஷத்துக்கு இரண்டு நாள்தான் வேலை என்றால் வாடகைக்கு எடுப்பதே லாபம்.

முந்திரிக் கவாத்துக்கு வருவோம். 7 மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 80 மரம். அறுவடை முடிந்ததும் காய்ந்த கிளை, தரையைத் தொடும் கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை எடுக்கிறோம். ஒரு மரத்துக்குச் சங்கிலி ஓடும் நேரம் ஒரு நிமிடம் என்று வைத்தால் 80 நிமிடம். 18 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பது 72 வாட்-ஹவர் மின்சாரம். சிறிய சங்கிலி ரம்பம் வெட்டும்போது 400, 500 வாட் இழுக்கும். அப்படியானால் ஒரு சார்ஜில் வெட்டும் நேரம் 10 நிமிடம்தான். ஏக்கருக்கு எட்டு சார்ஜ். இரண்டு பேட்டரி வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டு, மூன்று நாளில் ஒரு ஏக்கர் முடியும். ஒன்று, இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது நல்ல கணக்கு. பத்து ஏக்கருக்குச் சரிப்படாது. அதற்கு பெட்ரோல் ரம்பம் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பக்கத்துக் கடலூர் மாவட்டத்து முந்திரி, பலா மரங்களைச் சாய்த்துப் போட்டதே, அந்த மாதிரி அடிமரம் அறுக்கும் வேலைக்கும் பெட்ரோல் ரம்பம்தான்.

கரன்ட் செலவைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரு யூனிட்டில் இப்படிப்பட்ட பேட்டரியைப் பத்து தடவைக்கு மேல் சார்ஜ் செய்யலாம். பேட்டரியின் தேய்மானம்தான் உண்மையான செலவு.

பேட்டரி ஒரு குடும்பம்

ஒரு கம்பெனியின் 18 வோல்ட் டிரில் வாங்கினால், அதே பேட்டரியில் அந்தக் கம்பெனியின் ரம்பம், கிரைண்டர், ஊதுகுழல், டார்ச் லைட் எல்லாம் ஓடும். இரண்டாவது கருவியை பேட்டரி, சார்ஜர் இல்லாமல் ‘வெறும் கருவி’யாக மட்டும் வாங்கலாம். பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்தால் பல சமயம் கருவியின் விலையை நெருங்கிவிடும் என்பதால் இது பெரிய மிச்சம். ஆனால், வேறு கம்பெனியின் கருவியில் அந்தப் பேட்டரி பொருந்தாது. அதனால் முதல் கருவியை வாங்கும் நாளிலேயே அடுத்த பத்து வருஷத்துக்கு எந்தக் குடும்பத்தில் சம்பந்தம் வைக்கிறீர்கள் என்று முடிவு செய்துவிடுகிறீர்கள்.

ஒரே பெயர் இருந்தாலும் ஏமாற வேண்டாம். பாஷ் கம்பெனியின் நீல நிறக் கருவிகள் தொழில்முறைக்கு, பச்சை நிறம் வீட்டு உபயோகத்துக்கு. இரண்டும் 18 வோல்ட்தான். பேட்டரி மாறிப் பொருந்தாது. மகிட்டாவில் ‘எல்.எக்ஸ்.டி.’ வரிசை பேட்டரி வேறு, விலை குறைந்த ‘ஜி’ வரிசை பேட்டரி வேறு. டிவால்ட், ஸ்டான்லி இரண்டும் ஒரே அமெரிக்கக் கம்பெனியுடையவை, ஆனாலும் இதன் பேட்டரி அதற்குச் சேராது. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி: ‘இந்தப் பேட்டரி வேறு எந்தெந்தக் கருவியில் ஓடும்? அவற்றைக் காட்டுங்கள்.’

ஒரு கம்பெனி நம்பகமானதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல், அது தன் பேட்டரியின் வடிவத்தை எத்தனை வருஷமாக மாற்றாமல் வைத்திருக்கிறது என்பது. மகிட்டாவின் எல்.எக்ஸ்.டி. வரிசை 2005-ல் வந்தது, இன்றும் தொடர்கிறது. பாஷ் நீல வரிசை 18 வோல்ட் 2008-லிருந்து ஒரே பொருத்தம். பழைய கருவிக்குப் புது பேட்டரி கிடைக்கும் என்பதே இதன் பொருள். பெயர் தெரியாத பிராண்டில் பேட்டரி செத்தால் கருவியும் சேர்ந்து செத்தது.

48, 88 என்று எழுதியிருந்தால்...

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சந்தைகளிலும் ஆன்லைனிலும் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

லித்தியம் பேட்டரிப் பெட்டிக்குள் விரல் தடிமனில் சின்னச் சின்ன செல்கள் இருக்கும். ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். ஐந்து செல்களை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட். முழு சார்ஜில் அதே ஐந்து செல் 21 வோல்ட் வரை காட்டும். எனவே 18, 20, 21 என்று மூன்று பெட்டிகளில் எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே ஐந்து செல் வரிசைதான். 20 என்றால் 18-ஐ விட பலம் என்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

விலை மலிவான கிட்களில் ‘48 வி.எஃப்.’, ‘88 வி.எஃப்.’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது வோல்ட் இல்லை. கூடவே ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் சட்டப்படி பொய் சொன்னதாக ஆகாது என்ற நினைப்பு. கழற்றிப் பார்த்தால் அதே ஐந்து செல்தான் பல்லிளிக்கும்.

ஆம்பியர்-ஹவரிலும் இதே கதை. கடையிலேயே சோதிக்க ஒரு வழி, தராசு. சாதாரண செல் ஒன்று சுமார் 45 கிராம், அதில் 1.5-லிருந்து 3 ஆம்பியர்-ஹவர் வரை அடங்கும். 18 வோல்ட்டில் 2 ஆம்பியர்-ஹவர் நல்ல பேட்டரி கூட்டோடு சேர்த்து 350, 400 கிராம் இருக்கும். 4 ஆம்பியர்-ஹவர் என்றால் அரை கிலோவாவது வேண்டும். ‘6’ என்று எழுதிய பேட்டரி 400 கிராம்கூட நிற்கவில்லை என்றால் எழுத்தில்தான் 6 இருக்கிறது. காய்கறி எடை போடும் எலக்ட்ரானிக் தராசே இதற்குப் போதும்.

பேட்டரியின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். லித்தியம் பேட்டரிகளுக்கு ஐ.எஸ். 16046 தரப்படி பதிவு கட்டாயம். ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் அதை அடுத்து எட்டு இலக்கமும் இருக்கும். அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அடித்தால் யாருடைய பதிவு என்று தெரிந்துவிடும். எண்ணே இல்லாத பேட்டரியைப் படுக்கையறையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவது சரியல்ல. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் லேசில் அணையாது.

என் தேர்வு

எனக்கு எந்தக் கம்பெனியும் கமிஷன் தருவதில்லை என்பதால் வெளிப்படையாகவே சொல்கிறேன். மாதத்தில் பல நாள் வேலை செய்பவர், தச்சு, வெல்டிங், பிளம்பிங் என்று அக்கம்பக்கத்துக்கும் செய்து கொடுப்பவர், பாஷ் நீலம், மகிட்டா எல்.எக்ஸ்.டி., டிவால்ட் மூன்றில் ஒன்றை வாங்கலாம். எது என்பதை உங்களுக்கு அருகில் எதன் சர்வீஸ் சென்டர் இருக்கிறதோ அதை வைத்து முடிவு செய்யுங்கள். தோப்பு வேலையே முக்கியம் என்றால் ஸ்டில் பேட்டரி ரம்பங்களையும் பார்க்கலாம். சங்கிலி ரம்பமே அவர்களுடைய பிரதான தொழில். வருஷத்துக்குப் பத்து, பதினைந்து நாள் மட்டும் பயன்படுத்தும் வீட்டுக்கு இன்கோ, டோட்டல், டாங்செங் போன்ற சீன பிராண்டுகளும் போதும். ஆனால் ஒரு நிபந்தனை: விற்ற கடைக்காரர் அதே பிராண்டின் தனி பேட்டரியையும் கார்பன் பிரஷ்ஷையும் கடையில் வைத்திருக்க வேண்டும். ‘வரவழைச்சுத் தர்றேன்’ என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

விலை கட்டுப்படியானால் பிரஷ்லெஸ் மோட்டார் உள்ளதை எடுங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்து மாற்றும் வேலை இல்லை, அதே சார்ஜில் வேலையும் கூடுதலாக நடக்கும். நம் செம்மண் புழுதியில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மகிட்டா, பாஷ் நிறத்திலேயே அச்சு அசலாக வார்த்த போலிகளும் வருகின்றன. அசலின் பாதி விலைக்கு இரண்டு பேட்டரியோடு கிட் கொடுக்கிறார்கள் என்றால் அது அசலாக இருக்க வழியில்லை.

சர்வீஸ் விஷயத்தில் ஒரு கணக்குப் போடுங்கள். உடையார்பாளையத்திலிருந்து திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போய்க் கொடுத்து, மறுபடி போய் வாங்கிவர இரண்டு நாள் கூலியும் பஸ் செலவும் ஆகும். ஜெயங்கொண்டத்திலோ அரியலூரிலோ இருக்கும் டீலர் கருவியை வாங்கி அனுப்பி வைப்பாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பி வைப்பார் என்றால் அவரிடம் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவது நஷ்டமே இல்லை. ஜி.எஸ்.டி. பில் கட்டாயம் வாங்குங்கள். கருவியின் வரிசை எண்ணை அதில் எழுதச் சொல்லுங்கள். வாரன்ட்டி அட்டையில் பேட்டரிக்குத் தனியாக எத்தனை மாதம் என்று படியுங்கள், பலவற்றில் அது கருவியை விடக் குறைவு. வாரன்ட்டிக் காலத்தில் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆன்லைனில் எந்த ஊரிலிருந்து வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அதற்கும் பில்தான் ஆதாரம்.

கிரைண்டரில் மர பிளேடு வேண்டவே வேண்டாம்

பேட்டரிக் கிரைண்டர் வாங்கியதும் பலர் செய்யும் காரியம், அதில் பல் வைத்த மர பிளேடை மாட்டிக் கிளை வெட்டுவது. பிளேடுக்குக் காப்புத் தகடு பொருந்தவில்லை என்று அதையும் கழற்றிவிடுகிறார்கள். கிரைண்டர் இரும்பைத் தேய்க்க வேண்டிய வேகத்தில் சுற்றுவது. பல் மரத்தில் சிக்கினால் கருவி மொத்தமும் கையை மீறித் துள்ளும். துள்ளும் திசையில் உங்கள் தொடை இருக்கும், முகம் இருக்கும். விரல் போன பிறகு எந்த பிராண்டாக இருந்தால் என்ன?

கிளைக்கு என்றே வரும் சிறிய சங்கிலி ரம்பத்தை வாங்குங்கள். அதையும் தோளுக்கு மேலே தூக்கி வெட்டாதீர்கள். ஏணியில் நின்று வேண்டவே வேண்டாம். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் விடாமல் ஓட்டினால் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், சங்கிலியும் நீளும். வெட்டிய பெரிய காயங்களில் 10 சதவிகித போர்டோ பசையை அன்றே தடவிவிடுங்கள், கருவி எதுவானாலும் மரத்துக்கு இது தேவை.

வெயிலும் சார்ஜும்

பேட்டரியைக் கொல்வது வேலையை விட வெப்பம்தான். சித்திரை, வைகாசியில் நம் மாவட்டத்தில் 40 டிகிரி தாண்டுகிறது. தகரக் கொட்டகைக்குள்ளும் டிராக்டர் பெட்டிக்குள்ளும் இன்னும் அதிகம். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது. வேலை முடித்த சூட்டோடு மாட்டாதீர்கள். அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டு, முடிந்தால் சாயங்காலம் சார்ஜ் போடுங்கள். ஈரத்துணியைச் சுற்றிக் குளிர வைக்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

‘சுத்தமா இறங்கின பிறகுதான் சார்ஜ் போடணும்’ என்று இன்னமும் சொல்கிறார்கள். இது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கான பேச்சு. 1961-ல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ஒயரில்லா டிரில்லில் இருந்தது அந்த வகைதான், 4.8 வோல்ட். இன்றைய லித்தியத்துக்கு அது பொருந்தாது. வேகம் குறைந்ததுமே கழற்றி சார்ஜ் போடுங்கள்.

அடுத்த கவாத்து வரை சும்மா வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில், கருவியிலிருந்து கழற்றி, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். மருந்து தெளிக்கும் பேட்டரி ஸ்பிரேயருக்கு முறை வேறு. அவற்றில் பலவற்றில் இருப்பது 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி. அதைப் பாதி சார்ஜில் போட்டு வைத்தால் உள்ளே தகடு கெட்டியாகி, அடுத்த பருவத்தில் எழுந்திருக்காது. முழுதாக சார்ஜ் செய்து வைத்து, வேலை இல்லாத காலத்திலும் மாதம் ஒரு முறை சார்ஜ் போட வேண்டும். உங்கள் ஸ்பிரேயரில் எந்த வகை என்று பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும்.

உப்பிய பேட்டரி, கீழே விழுந்து விரிசல் விட்ட பேட்டரி, தண்ணீரில் விழுந்த பேட்டரி மூன்றையும் மறுபடி சார்ஜ் போடாதீர்கள். பிரித்துச் செல் மாற்றித் தருகிறேன் என்பவரிடமும் கொடுக்க வேண்டாம். முனைகளில் இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வீட்டுக்கு வெளியே வைத்திருந்து, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளருக்கு உண்டு.