ஒரே வீடு, வெவ்வேறு காயம்: ஏன்?

கொடுமை நிறைந்த வீட்டில் வளர்ந்த உடன்பிறப்புகளில் ஒருவர் குடியில் விழுகிறார். இன்னொருவர், 'அப்படி எதுவும் நடக்கவேயில்லை' என்கிறார். ஆய்வாளர்கள் ஃபெலிட்டி, ஆண்டா குழுவினர் அமெரிக்காவின் சான் டியாகோவில் 9,508 பேரிடம் திரட்டிய தகவல்களை 1998இல் வெளியிட்டனர். சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கொடுமைகளைச் சந்தித்தவர்களுக்குக் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்றவற்றின் அபாயம், எதையும் சந்திக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு. தாய் அடிபட்டதும் அவ்வகைகளில் ஒன்று. அதாவது, பார்த்து வளர்ந்த பிள்ளைக்கும் பாதிப்பு உண்டு.

'ஒருவர் நன்றாகத்தானே இருக்கிறார், மற்றவர் குணம்தான் கோளாறு' என்பார்கள். மரபணுவுக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூத்தவருக்குப் பத்து வயதில் நேர்ந்தது இளையவருக்கு மூன்று வயதில் நேர்கிறது. அடி வாங்குபவர் ஒருவர், அதைத் தடுக்க முயல்பவர் வேறொருவர். ஓயாத அச்சம் உடலின் எச்சரிக்கை அமைப்பைத் தணியவே விடுவதில்லை. பேசத் தடை விழுந்த வீட்டில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தானே காரணம் கற்பித்துக்கொள்கிறது. பெரும்பாலும் 'என் தப்புதான்' என்று. பிற்காலத்தில் இதற்கெல்லாம் சாட்சி பெரும்பாலும் உடன்பிறந்தவர் மட்டுமே. அவரும் மறுத்தால், பட்டவர் தன் நினைவையே சந்தேகிக்கிறார். பழசைக் கிளறினால் குடும்பம் உடையும் என்பது பாதி உண்மை; மௌனத்தாலும் அது உடைந்துதான் கிடக்கிறது. உங்கள் தங்கையோ தம்பியோ பேச வந்தால், வாதாடாமல் முழுவதையும் கேளுங்கள்.