பேயுமன்று, பாசாங்குமன்று

போரின் நினைவுகளைச் சுமந்தவாறு வடக்கிலிருந்து வந்து தெஹிவளை, வெள்ளவத்தைப் பகுதிகளிற் குடியேறிய குடும்பங்கள் பல. அத்தகைய இல்லமொன்றில் இளம் பெண்ணொருத்தி திடீரெனப் பார்வை நிலைகுத்தி அமர்கிறாள். வேறொரு குரலிற் பேசுகிறாள். பின்னர், நடந்தது எதுவும் நினைவில்லை என்கிறாள் என வைத்துக்கொள்வோம். "பேய் பிடித்துவிட்டது" என்பார் ஒருவர். "எல்லாம் நடிப்பு" என்பார் மற்றொருவர். உளமருத்துவம் இவ்விரண்டையும் ஏற்பதில்லை.

தாங்கவொண்ணாத் துன்பம் நேரும்போது நினைவு, உணர்ச்சி, 'நான்' என்னும் எண்ணம் ஆகியவை ஒன்றைவிட்டொன்று விலகி நிற்பதுண்டு. இதனை உளப்பிரிகை எனலாம். பிரெஞ்சு அறிஞர் பியேர் ஜனே 1889ஆம் ஆண்டிலேயே இதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். கதைப் புத்தகத்தில் ஆழ்ந்த மாணவன் தாயின் அழைப்பைக் கேளாதிருப்பதும் இதன் மெல்லிய சாயலே. அவன் தோளைத் தொட்டதும் மீள்கிறான். துயருற்ற மனமோ அத்துணை எளிதில் மீள்வதில்லை.

அங்ஙனமாயின், கதிர்காமத்தில் உருவேறி ஆடும் அடியாரெல்லாம் நோயாளரோ? அல்லர். மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபயசேகர, 1981இல் வெளியான 'மெடூசாவின் கூந்தல்' எனப் பொருள்படும் ஆங்கில நூலில், கதிர்காமத்துச் சடைமுடி அடியார் சிலரின் வாழ்வை ஆராய்ந்தார். அவர்தம் சொந்தத் துயரங்கள் சமய நெறியின் வழியே பொருள் பெற்றமையை அவர் எடுத்துக்காட்டினார். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும், சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டு முறையை நோயெனக் கொள்வதில்லை. விருப்பமின்றி வந்து அன்றாட வாழ்வைக் குலைப்பதையே அது நோயென்கிறது.

மருத்துவர் முதலில் வலிப்பு முதலிய உடல்நோய் உண்டா என ஆராய்வார். பின்னர், நோயாளிக்குப் பாதுகாப்பும் நம்பிக்கையும் ஏற்படச் செய்வார். பாதங்கள் தரையிற் படுவதை உணர்தல், கண்ணெதிரே உள்ள பொருள்களைப் பெயர்சொல்லி எண்ணுதல் போன்ற எளிய பயிற்சிகளால் மனத்தை நிகழ்காலத்திற்கு மீட்பார். பழைய நினைவுகளை அவர் வலிந்து கிளறுவதில்லை. தாங்கும் வலிமை வந்தபின்னரே அவை சிறிது சிறிதாகப் பேசப்படும்.

வீட்டாரின் கடமையும் இதுவே. அடித்தலும் ஏசுதலும் அச்சத்தைப் பெருக்கும். அச்சம் நோயைப் பெருக்கும். அவ்வேளையில் அவளது பெயரைச் சொல்லி மெல்ல அழையுங்கள். "வீட்டில்தான் இருக்கிறாய், நாங்கள் அருகில் இருக்கிறோம்" எனக் கூறுங்கள். கோயிலுக்குச் செல்வதானாற் செல்லுங்கள். அதனைக் காரணமாக்கி மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.