ஒரே ஒரு குறியில் ஒளிந்திருந்த திருடன்!

சாவி திருட்டுப்போனால் பூட்டை மாற்றலாம். பூட்டுக்குள்ளேயே திருடன் இருந்தால்?

2003-ம் ஆண்டு நவம்பர் மாதம் அப்படி ஒரு சூழ்ச்சி நடந்தது. உலகெங்கும் கம்ப்யூட்டர்களை இயக்கும் "லினக்ஸ்", "சி" என்ற மொழியில் எழுதப்பட்டது. அதன் நகல் ஒன்று இருந்த கம்ப்யூட்டருக்குள் யாரோ ஒருவன் புகுந்தான். இரண்டே வரிகளைச் சேர்த்தான்.

32 சொற்கள்

நம் பேச்சு சொற்களால் ஆனது. "சி" மொழியும் அப்படித்தான். அந்த மொழி தனக்கென ஒதுக்கிய சொற்கள், 1989-ம் ஆண்டு விதிப்படி, 32 மட்டுமே. எழுதுகிறவர் சூட்டும் பெயர்கள், எண்கள், குறிகள் ஆகியவையும் அதில் வரும். கம்ப்யூட்டர் இவற்றைத் தனித்தனியே பிரித்துத்தான் படிக்கும்.

குறிகளில்தான் ஆபத்து!

"==" என்றால், "இரண்டும் சமமா?" என்ற கேள்வி. "=" என்றால், "இதை அதில் வை" என்ற கட்டளை.

சர்வ அதிகாரம்

லினக்சில் 0 என்ற எண் உடையவருக்குச் சர்வ அதிகாரம் உண்டு. திருடன் எழுதிய வரி, "இவர் எண் 0 தானா?" என்று கேட்பது போலத் தோன்றியது. ஆனால் அவன் போட்டது "=". "இவர் எண்ணை 0 ஆக்கு" என்று பொருள் மாறிவிட்டது! ரகசியம் தெரிந்தவன் எவனும் கம்ப்யூட்டருக்கு எஜமானன் ஆகிவிடலாம்.

நல்ல வேளை! மூலத்தில் இல்லாத வரிகள் நகலில் இருப்பது தெரிந்துவிட்டது. மூலத்தில் அவை நுழையவே இல்லை.

ஒரு குறிதானே என்று விட்டிருந்தால்...?